பெல்ட்டுக்கு அடியில் கேட்ட துடிப்பு

சொந்தக்காரர்களுக்கு நாம் பிரசவம் பார்க்கக்கூடாது என்பது எங்கள் வார்டு சட்டம். அதனால் என் தங்கை வலியோடு வந்தபோது அவளைப் புது நர்ஸிடம் விட்டுவிட்டு, பக்கத்து அறையில் யாருக்கோ ட்ரிப் மாற்றிக்கொண்டிருந்தேன். சட்டமாம், சட்டம்.

மதியம் போய் எட்டிப் பார்த்தேன். வயிற்றில் பிள்ளையின் துடிப்பைக் கேட்கும் பெல்ட், மெஷினிலிருந்து டக் டக். தங்கை வீட்டுக்காரர் அந்தச் சத்தத்தைப் போனில் பதிவு செய்துகொண்டிருந்தார்.

"கேளுங்க அக்கா, உங்க மகன் என்னமா ஓடுறான்னு."

"காலையிலேர்ந்து தாள்ல கோடு சூப்பரா இருக்குக்கா," என்றாள் புது நர்ஸ். "நல்லா ஏறி இறங்குது."

துடிப்பு ஒரே மட்டமாகப் போனால்தான் எங்களுக்குப் பயம். ஏறி இறங்கினால் பிள்ளை தெம்பாக இருக்கிறது என்று அர்த்தம். இந்தக் கோடும் அழகாகத்தான் ஏறி இறங்கியது. ஆனால் ஒவ்வொரு வலிக்கும் ஏறியது. வலி வந்தால் பிள்ளைக்குத் துடிப்பு இறங்கக்கூடும். இப்படித் தவறாமல் ஏறுவது அம்மாவுக்கு.

தங்கையின் கையைப் பிடித்து நாடியில் விரல் வைத்தேன். மெஷின் டக் என்றபோதெல்லாம் நாடியும் டக் என்றது. காலையிலிருந்து மெஷின் கேட்டது அவளுடைய இதயத்தை.

வேறு நாளாக இருந்தால் அந்தப் புது நர்ஸைப் பளாரென்று அறைந்திருப்பேன். பெல்ட்டை அவிழ்த்து வயிறு முழுக்கத் தேடினேன். டாக்டர் ஓடிவந்து ஸ்கேன் வைத்தார். திரையில் பிள்ளையின் இதயம் தெரிந்தது. அசையவில்லை.

சாயங்காலம் பிறந்தான். அவனைத் துடைத்துத் துணியில் சுற்றியது நான்தான். அப்போது சட்டம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

மறுநாள் தங்கை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் போனை அவள் காதருகே வைத்தார். டக் டக் டக்.

"இதாவது நம்மகிட்ட இருக்கு," என்றார்.

அவள் கண்ணை மூடிக் கேட்டாள். முதல்முறையாக முகம் கொஞ்சம் தளர்ந்தது.

"அக்கா, நேத்து எல்லாரும் என்னென்னவோ பேசிக்கிட்டாங்க. இது அவன்தானே?"

என் விரல் அவள் மணிக்கட்டில் இருந்தது. எப்போது வைத்தேன் என்று தெரியவில்லை.

"அவன்தான்," என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன்.