காபிக்கடைக்காரர் சொன்ன குறை

அப்பா போய் நாற்பது நாள் ஆகிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் ஆளுக்கொரு பெயர் சொல்லி அழுதார்கள். குமாரபாளையத்து ஆட்களுக்கு அவர் தறிக்கார குமாரசாமி. திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு வண்டிக்காரர். பஸ் ஆட்களுக்கு டிக்கெட்காரர். புதுச்சத்திரத்தில் காபிக்கடைக்காரர். "ஒரே மனுசனுக்கா அக்கா இத்தனை பேரு சொல்லி அழுவறாங்க?" என்று என் கொழுந்தனார் மனைவி கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவள் கேட்டதில் தப்பில்லை. இந்தப் பெயர்க் குழப்பத்தில்தான் ஏழு வருஷத்துக்கு முன்னால் என் கல்யாணமே ஊசலாடியது.

நான் கோபக்காரி. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அப்பா வேலை மாற்றியது சோம்பலால் இல்லை. தறி ஒரு ஆள் வேலையா? தாரில் நூல் சுற்றவும் பாவு நூலுக்குக் கஞ்சி போடவும் வீட்டில் இன்னொரு கை வேண்டும். தம்பி பிறந்ததும் அம்மா ஒரு வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்தாள், தறி நின்றது. அப்பா மாட்டுவண்டி ஓட்டினார். தம்பிக்கு விஷக்காய்ச்சல் வந்து இரண்டு மாதம் அவன் பக்கத்தைவிட்டு நகராமல் உட்கார்ந்திருந்தார். அதற்குள் சரக்கு ஏற்றியவர்கள் வேறு வண்டி பார்த்துக்கொண்டார்கள். பிறகு சேலம், நாமக்கல் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தார். யுத்தம் வந்து பெட்ரோல் கிடைக்காமல் பஸ் கரியில் ஓடத் தொடங்கியதும் புகை அவர் நெஞ்சில் கட்டிக்கொண்டது. அம்மா அழுது அடம்பிடித்து அதையும் விட வைத்தாள். கடைசியில் புதுச்சத்திரத்தில், குடியிருந்த வீட்டின் முன்பக்கத்தில் ஒரு தட்டி கட்டி மறைத்துக் காபிக்கடை போட்டார்.

இதெல்லாம் எங்களுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியுமா? 'நிலையில்லாத மனுசன் வீட்டுப் பெண்' என்று இரண்டு வரன் தட்டிப் போனது. எனக்கு இருபது வயதாகிவிட்டது. மூன்றாவதாக வந்தது வெண்ணந்தூர் வரன். மாப்பிள்ளை பெயர் செல்லமுத்து. ஒரு கல்யாணப் பந்தியில் அவர் ரசம் ஊற்றிக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். பிடித்திருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லவா முடியும்? இதுவும் போனால் என் கதி அவ்வளவுதான் என்று மனசு அடித்துக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கம் பெண் பார்க்க வருவதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் ஊர் ஊராய்ப் போய் விசாரிப்பார். அது தெரிந்து அம்மா அப்பாவின் காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னாள். "ஏனுங்க, யாராச்சும் வந்து கேட்டா நீங்க வாயத் தொறக்காதீங்க. தறிக்காரங்கன்னு மட்டும் சொன்னாப் போதுமுங்க."

அப்பா தலையை ஆட்டினார். அவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டுவார்.

அடுத்த வாரம் ஒரு காலையில் கரிபஸ்ஸிலிருந்து இறங்கி ஒருவர் கடைக்கு வந்தார். நான் தட்டிக்கு இந்தப்பக்கம் மாவாட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, தறிக்கார குமாரசாமின்னு இந்த ஊருல யாருங்க? வழியில மூணு பேரைக் கேட்டேன், தெரியாதுங்கறாங்க."

என் கை நின்றுவிட்டது. அப்பா 'நான்தானுங்க' என்று சொல்வார் என்று பார்த்தேன்.

"இருக்காருங்க" என்றார்.

"ஆளு எப்படிங்க?"

"மோசமில்லீங்க. ஆனா ஒரு வேலையில நிக்கமாட்டாரு. மூணு விட்டுட்டாரு. இப்பச் செய்யறதையும் விட்டாலும் விடுவாருங்க."

"குடி, சீட்டு?"

"அதெல்லாம் கெடையாதுங்க."

"பொண்ணு?"

"நல்ல புள்ளைங்க. கோவம் மட்டும் கொஞ்சம் வருமுங்க."

வந்தவர் காபியைக் குடித்தார், துண்டை உதறித் தோளில் போட்டார், போய்விட்டார். நான் மாவுக்கையோடு தட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

"நல்லாப் பண்ணினீங்க. உங்க வாயாலயே என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்க."

அப்பா தம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார். "நான்தான்னு சொன்னா அந்த மனுசன் மூஞ்சிக்கு நேரா எதைக் கேப்பாரு? மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டா, நாளைக்கு அந்த ஊட்டுல தலகுனிஞ்சு நிக்கறது நீயில்ல சாமி?"

அவர் சொன்னது ஞாயம்தான். ஞாயம் என்பதாலேயே எனக்கு இன்னும் எரிச்சல். அன்றிலிருந்து அவரோடு பேச்சை நிறுத்தினேன். அவருக்குச் சாப்பாட்டுத் தட்டுகூட வைக்கவில்லை. அவரே போட்டுக்கொண்டு, எனக்கும் ஒரு தட்டில் போட்டு மூடிவைத்துவிட்டுப் போவார்.

பத்தாம் நாள் வெண்ணந்தூரிலிருந்து ஆள் வந்தது. சம்மதமாம். வெள்ளிக்கிழமை பெண் பார்த்து, அப்படியே உப்புச்சர்க்கரை மாற்றி உறுதி செய்துவிடலாமாம். அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எனக்கு மட்டும் ஒரே யோசனை. வருகிறவர்களில் அந்த மனிதர் இருந்தால்?

இருந்தார். முதல் ஆளாக அவர்தான் வாசலில் ஏறினார். கடைத் தட்டியை அவிழ்த்துப் பந்தல் போட்டிருந்ததால் இடம் அவருக்குப் பிடிபடவில்லை. மாப்பிள்ளைக்குத் தாய்மாமன், மாரியப்பன் என்று பெயர். வெளுத்த வேட்டியில் கும்பிட்டு நின்ற அப்பாவைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"நீங்க காபிக்கடைக்காரருங்களே."

"ஆமாங்க."

"பொண்ணோட அப்பா எங்கீங்க?"

"அதும் நான்தானுங்க."

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள். நான் உள்ளே நின்றபடி, முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

மாரியப்பன் மாமா பாயில் உட்கார்ந்து தொடையைத் தட்டிச் சிரித்த பிறகுதான் கண்ணைத் திறந்தேன்.

"குமாரபாளையத்துல கேட்டேன், தங்கமான மனுசன்னாங்க. திருச்செங்கோட்டுலயும் அதையே சொன்னாங்க. பஸ்காரங்களும் அதையே சொன்னாங்க. எல்லாருகிட்டயும் சொல்லி வெச்சுட்டாங்கன்னு எனக்குச் சந்தேகமாப் போச்சு. குறையே இல்லாத ஊட்டுல பொண்ணெடுக்க எனக்குப் பயமுங்க. கடைசில ஒரே ஒரு காபிக்கடைக்காரருதான் குறை சொன்னாரு. அப்பறந்தான் தைரியமா எங்க அக்காகிட்டப் போயி நல்ல எடம்னு சொன்னேன்."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு நெஞ்சில் வைத்திருந்த ஆட்டுக்கல்லை யாரோ தூக்கி இறக்கியதுபோல இருந்தது. உப்பும் சர்க்கரையும் கைமாறின. மாமா விடவில்லை.

"அன்னைக்குச் சொன்னதெல்லாம் நெசந்தானுங்களா, சம்பந்தி?"

"ஒண்ணு மட்டும் பொய்யுங்க" என்றார் அப்பா. "பொண்ணுக்குக் கோவம் கொஞ்சம் வரும்னேன். கொஞ்சம் இல்லீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ரசம் ஊற்றியவர் வெளியே சத்தமாகச் சிரித்தது எனக்குத் தனியாகக் கேட்டது. பன்னிரண்டு நாளாகப் பேசாதவள், உள்ளே இருந்தபடியே வாயைத் திறந்தேன்.

"அப்பா, காபி ஆறுது. வந்து எடுத்துட்டுப் போங்க."

"வாரேன் சாமி" என்றார்.