அரை இடம் தள்ளி

நவராத்திரிச் சதுர்த்தியன்று மாலை ஐந்து மணிக்குள் பாட்டு கைக்கு வராவிட்டால் போன வருஷப் பாட்டையே போட்டுவிடுவேன் என்று தேபுதா, அதாவது தேபு அண்ணன், சொல்லியிருந்தார். லேக் கார்டன்ஸில் எங்கள் தெரு துர்கா பூஜைக் கமிட்டியில் மைக், ஸ்பீக்கர் எல்லாம் அவர் பொறுப்பு. முப்பத்தெட்டு வருஷமாகப் பந்தல் திறக்கும்போது ஒலிப்பது வங்காளப் பாட்டுதான். இந்த வருஷம் முதல் தடவையாக ஒரு தமிழ்ப் பாட்டு, அதுவும் நான் மெட்டுப் போட்டது. இதற்காக அவரை ஐந்து மாதம் நச்சரித்திருக்கிறேன். கடைசியில் என் தொல்லை தாங்காமல்தான் சம்மதித்தார்.

என் பெயர் வசுந்தரா. ஊர் வேலூர். சால்ட் லேக்கில் ஒரு கம்பெனியில் மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் தப்பு கண்டுபிடிப்பது என் வேலை. அதனால் எந்தத் தப்பும் என் கண்ணுக்குத் தப்பாது என்று கொஞ்சம் திமிர் உண்டு, மறைப்பானேன். வீட்டில் ஒரு லேப்டாப், ஒரு மைக், இரண்டு சின்ன ஸ்பீக்கர். இவற்றை வைத்து நான்கு வருஷத்தில் இருபத்தாறு பாட்டு செய்திருக்கிறேன். கேட்டவர்கள் மொத்தம் மூன்று பேர், அதில் ஒருத்தி என் அம்மா. ஆயிரம் பேர் கூடுகிற இடத்தில் என் பாட்டு ஒலிக்கப்போகிறது என்று நினைத்து நினைத்து இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

பாடியவள் சாய்பிரியா. என் அலுவலகத்துத் தோழி, கும்பகோணத்துக்காரி. நான் யாரிடமும் கற்காமல் கிடாரைத் தட்டிப் பழகியவள். அவள் பத்து வருஷம் முறையாகப் பாட்டுக் கற்றவள். அண்ணனுக்கு நிச்சயதார்த்தம் என்று முந்தின நாள் சென்னை ரயில் ஏறிவிட்டாள். ஏறுவதற்கு முன்னால் சால்ட் லேக்கில் தன் அறையிலேயே, நான் கொடுத்த இன்னொரு மைக்கில் பாடி அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு செய்தி. தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பதுதானே நம் எல்லோருக்கும் வழக்கம், அப்படித்தான் இருந்தது: "arai idam thalli eduthirukken. sariya varum. kai vekkaadha."

அறையில் இடம் தள்ளி உட்கார்ந்து எடுத்திருக்கிறாள் என்று படித்துக்கொண்டேன். மின்விசிறிச் சத்தம் விழாமல் இருக்க மூலைக்குப் போயிருப்பாள் போலிருக்கிறது, கெட்டிக்காரி என்று மெச்சிக்கொண்டேன்.

சதுர்த்தியன்று லீவு போட்டுவிட்டுக் காலை பதினொரு மணிக்கு உட்கார்ந்தேன். தாளம் ஏற்கெனவே தயாராக இருந்தது. தாக் என்பது வங்காளிகள் பூஜைக்குத் தோளில் மாட்டி அடிக்கிற பெரிய முரசு. பந்தலுக்கு வருஷா வருஷம் வரும் நிமாய்தாவும் அவர் தம்பியும் தேபுதாவின் கார் ஷெட்டில் அடித்துக் கொடுத்ததைப் பதிவு செய்து வைத்திருந்தேன். அதன் கீழே சாய்பிரியாவின் குரலை வைத்து ஓட்டினேன்.

குரல் தாமதமாக வந்தது. தாக் அடி விழுந்த பிறகு ஒரு சின்ன இடைவெளி, அதன் பிறகுதான் "வாசல் வந்தாள் வங்கத்து மகள்" என்று தொடங்கியது. நான் போட்ட மெட்டில் அடியும் "வா"வும் ஒன்றாக விழ வேண்டும். எவ்வளவு தாமதம் என்று அளந்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு மில்லிசெகண்ட். அடுத்த வரியையும் அளந்தேன், அதே அளவு. எட்டு வரியிலும் அதே அளவு.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. மனுஷி தப்புச் செய்தால் ஒரு தடவை கூடும், ஒரு தடவை குறையும். எட்டுத் தடவையும் ஒரே அளவு என்றால் அது இயந்திரத்தின் தப்புதான். கம்பியில்லாத இயர்போன் போட்டுக்கொண்டு பாடியிருப்பாள், தாளம் அவள் காதுக்கே தாமதமாகப் போயிருக்கும், போதாக்குறைக்கு மைக்கிலிருந்து தள்ளி வேறு உட்கார்ந்திருக்கிறாள். பத்தே நிமிஷத்தில் வியாதியைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினேன். குரலை மொத்தமாகப் பிடித்து முந்நூற்றுப் பன்னிரண்டு மில்லிசெகண்ட் முன்னால் இழுத்து வைத்தேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை அங்கேதான் ஆரம்பித்தது.

அடியும் "வா"வும் இப்போது ஒன்றாக விழுந்தன. ஆனால் "வா" காணாமல் போனது. தாக் அதை அப்படியே விழுங்கிவிட்டு "சல் வந்தாள்" என்று மிச்சத்தைத் துப்பியது. குரலின் சத்தத்தைக் கூட்டினேன், மீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்து குரல் பிசிறடித்தது. தாக்கைக் குறைத்தேன், பூஜை முரசு ஊறுகாய் டப்பாவைத் தட்டுவது போல ஆனது. இது போதாதென்று வரிகளின் முடிவு வேறு தகராறு செய்தது. தொடக்கம் சரியாக இருக்க, ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லும் தாளத்துக்கு முன்னால் முந்திக்கொண்டு ஓடியது. இரண்டு பதிவுகளின் வேகமும் வேறு வேறோ என்று சந்தேகப்பட்டு அமைப்புகளை எல்லாம் திறந்து பார்த்தேன். இரண்டும் ஒன்றுதான். வேறு வழி தெரியாமல் எட்டு வரியையும் தனித்தனியாக வெட்டி, வாலைப் பிடித்து இழுத்து நீட்டினேன். சாய்பிரியாவின் குரல் ஜலதோஷம் பிடித்த ரோபோ மாதிரி ஆகிவிட்டது.

மணி இரண்டரை. போன் போட்டால் அவள் எடுக்கவில்லை, ஆந்திராவில் எங்கோ சிக்னல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று என் அம்மா என்னைப் பற்றித்தான் சொல்வாள். குரல்செய்தியில் கொட்டித் தீர்த்தேன். "ஒழுங்கா ஒரு இயர்போன் போட்டுப் பாடத் தெரியாதா உனக்கு? பத்து வருஷம் என்னத்தடி கத்துக்கின? ஒரே ஒரு பாட்டு, ஒரே ஒரு சான்ஸு, அதையும் கெடுத்துட்ட. இனிமே உன்னைப் பாடவே கூப்பிட மாட்டேன், போ." அனுப்பியதும் ஒற்றை டிக் விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றரை மணிக்குச் சொக்கலிங்கம் அண்ணாச்சி போன் செய்தார். லேக் மார்க்கெட் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர். கடைக்கு வருகிற தமிழ்க் குடும்பங்கள் அத்தனை பேரையும் பந்தலுக்கு வரச்சொல்லி அழைத்திருந்தார்.

"ஏ பிள்ள, பாட்டு ரெடியா? கிடர்பூர்ல இருந்து செல்வராஜ் வீட்டாளுவ கூட கிளம்பிட்டாவ. அனுப்பு, நான் ஒரு மட்டம் கேட்டுக்கிடுதேன்."

இருந்ததை ஒரே கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து அனுப்பினேன். இரண்டு நிமிஷத்தில் மறுபடி அழைப்பு வந்தது.

"நல்லாத்தான் இருக்கு பிள்ள. ஆனா அது என்ன, 'சல் வந்தாள்'? சல்லுன்னா யாரு?"

"வாசல் அண்ணாச்சி."

"வா எங்க போச்சி?"

நாலேகாலுக்குத் தேபுதா, என்னதான் நடக்கிறது என்று பார்க்க நேரிலேயே மாடியேறி வந்தார். ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. "சல்! சல்! தாருண், வசு! இந்தியில் ஆரம்பிப்பது நல்ல யோசனை," என்று வங்காளத்தில் பாராட்டினார். தாருண் என்றால் வங்காளத்தில் பிரமாதம்; சல் என்றால் இந்தியில் வா, போகலாம் என்று அர்த்தம். எனக்கு அழுகை வந்தது. முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தமிழ்ப் பாட்டு, அதன் முதல் சொல்லே இந்தியாகிவிட்டது. கொஞ்சநேரம் தலையாட்டியவர், நடுவில் குரல் நீண்டு நெளிந்த இடத்தில் முகத்தைச் சுளித்தார். "இந்த இடத்தில் பாடகிக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். "ஐந்துக்குள் சரிசெய். முடியாவிட்டால் பழைய பாட்டு. வருத்தப்படாதே, அடுத்த வருஷம் பார்க்கலாம்." அடுத்த வருஷம் என்று கமிட்டி சொன்னால் அது ஒருபோதும் வராது என்று எனக்குத் தெரியும்.

அவர் படியிறங்கும் சத்தம் அடங்குவதற்குள் என் போன் துள்ளியது. சாய்பிரியா. இரண்டே வரி.

"arai na half di loosu. room illa. kai vekkaadha nu sonnen la."

அறை இல்லை, அரை. அறையில் தள்ளி உட்காரவில்லை; தாளத்தில் அரை இடம் தள்ளி, அடி விழுந்த பிறகு வேண்டுமென்றே எடுத்திருக்கிறாள். கணக்குப் போட்டேன். நான் வைத்திருந்த வேகத்தில் அரைத் தட்டு என்பது சரியாக முந்நூற்றுப் பன்னிரண்டு மில்லிசெகண்ட். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தால் அவ்வளவு தாமதம் வரவேண்டுமானால் அவள் நூறு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் அறையோ பத்துக்குப் பத்து. பௌதிகம் படித்த முட்டாள் நான்.

பின்னாலேயே அவள் குரல்செய்தியும் வந்து சேர்ந்தது, ரயில் சத்தத்துக்கு நடுவே. "தாக் அடிக்கிற அதே இடத்துல 'வா'ன்னு ஆரம்பிச்சா யார் காதுலடி விழும்? அதான் அடியை முழுசா விட்டுட்டு அப்பறம் எடுத்தேன். முடிவெல்லாம் தாளத்துல கரெக்டா வந்து உக்காரும், கேட்டுப் பாரு. கம்பி வச்ச இயர்போன்தான் போட்டிருந்தேன். நீ திட்டினதையும் கேட்டேன்." அதோடு முடிந்தது. கோபமாகச் சொன்னாளா சாதாரணமாகச் சொன்னாளா என்று தெரியவில்லை, ஆனால் எனக்கு நெஞ்சில் முள் குத்தியது. எட்டு வரியின் தலையை மட்டும் அளந்தேன், ஒரு வாலையாவது அளந்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். இயந்திரம் தாமதித்தால் முடிவும் தாமதமாகத்தானே வரும்?

மணி நாலு முப்பத்தாறு. வெட்டியது, இழுத்தது, கூட்டியது, குறைத்தது எல்லாவற்றையும் அழித்தேன். அவள் அனுப்பிய கோப்பை மறுபடியும் முதலிலிருந்து வைத்தேன், எதையும் தொடாமல். ஓட்டினேன்.

அடி விழுந்தது. தாக் தன் முழுத் தொண்டையோடு முழங்கி அடங்கியது. அந்த அடக்கத்தில் "வா" என்று அவள் குரல் எழுந்தது, தெளிவாக, தனியாக. வரி முடிகிற இடத்தில் "மகள்" வந்து அடியின் மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். கைகொட்டினேன். சிவப்பு விளக்கு எரியவில்லை, தாக்கைக் குறைக்கத் தேவையில்லை, ஒன்றுமே தேவையில்லை. ஐந்து மணி நேரமாக நான் தீர்த்த கோளாறுகள் அத்தனையும் நானே உண்டாக்கினவை.

எக்ஸ்போர்ட் அழுத்தினேன். பட்டை ஊர்ந்தது. நாலு நாற்பத்தெட்டுக்கு முடிந்தது. போட்டுக் கேட்டால் தாக் மட்டும் தனியாக முழங்குகிறது, குரலைக் காணோம்! பதறிப் பார்த்தால், எக்ஸ்போர்ட்டுக்கு முன்னால் தாக்கை மட்டும் ஒரு தடவை கேட்கலாம் என்று அழுத்திவிட்டு மறந்துபோன சோலோ பொத்தான் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. அதை அணைத்து மறுபடி எக்ஸ்போர்ட். தொண்ணூறு சதவீதத்தில் பட்டை ஓய்வெடுத்தபோது நான் லேப்டாப்பைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். முடிந்தது. முதல் வரி கேட்டேன், கடைசி வரி கேட்டேன், பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு செருப்புப் போடாமலே ஓடினேன். தேபுதா கடிகாரத்தைப் பார்த்தார். நாலு ஐம்பத்தொன்பது. என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார்.

ஆறு மணிக்குப் பந்தல் திரை விலகியது. தெரு முழுக்கத் தலைகள். அண்ணாச்சி கூட்டிவந்த தமிழர்கள் ஒரு பக்கமாக நின்றார்கள். நான் சாய்பிரியாவை போனில் அழைத்துப் பிடித்துக்கொண்டேன். நல்லவேளை, சிக்னல் இருந்தது. முதல் அடி விழுந்தது. அடுத்து அந்த அரை இடம். வீட்டில் அது கண்ணிமைக்கும் நேரம்தான். அங்கே நிற்கும்போது கோப்பு கெட்டுவிட்டதோ என்று என் உயிர் போய்த் திரும்பி வர அது போதுமானதாக இருந்தது. பிறகு அவள் "வா" என்று எடுத்தாள். அது தெருக்கோடி வரை போனது.

இரண்டாவது வரியில் நிமாய்தா தரையிலிருந்த தாக்கைத் தோளில் மாட்டிவிட்டார். தம்பியும் மாட்டினார். ஸ்பீக்கரின் அடியோடு நேரில் இரண்டு தாக்கும் சேர்ந்து இடித்தன. அவ்வளவு இடிக்கும் நடுவில் அவள் சொல் ஒன்றுகூட மறையவில்லை. ஒவ்வொரு வரிக்கும் அவர்கள் அடித்து ஓய, அவள் எடுத்தாள். தாக்குக்கும் குரலுக்கும் மாறி மாறிக் கூட்டம் கைதட்டியது. எனக்குக் கண்ணிலிருந்து கொட்டியது, துடைக்கவில்லை.

பாட்டு முடிந்ததும் நிமாய்தா வியர்வையோடு நேராக என்னிடம் வந்தார். "வெளியூர்ப் பாட்டுக்காரர்கள் எல்லாரும் எங்கள் அடியின் மேல் ஏறி நின்று கத்துவார்கள். நாங்கள் கையை அடக்கிக்கொள்ள வேண்டும். இதில் எங்களுக்கு இடம் விட்டிருக்கிறது. யார் யோசனை, தீதி, உங்களுடையதா?" என்று கேட்டார்.

நான்கு வருஷம், இருபத்தாறு பாட்டு. என்னைப் பார்த்து ஒருவர் இப்படிக் கேட்க வேண்டும் என்று எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன். ஆமாம் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"என்னுடையது இல்லை. நான் அதைக் கெடுக்கப் பார்த்தவள்," என்று சொல்லி போனை அவர் கையில் கொடுத்தேன். "இவள்தான். ரயிலில் இருக்கிறாள்."

அவர் போனைக் காதில் வைத்து வங்காளத்தில் சத்தமாக என்னென்னவோ சொன்னார், சிரித்தார், தலையை ஆட்டினார். திருப்பிக் கொடுத்தபோது சாய்பிரியா பரபரத்தாள். "என்னடி சொல்றார்? ஒண்ணுமே புரியலடி. நன்னா வந்துதா? 'வா' கேட்டுதா?"

"கேட்டுச்சுடி. எல்லாருக்கும் கேட்டுச்சு," என்றேன். "அடுத்த பாட்டையும் நீதான் பாடணும்."

"இனிமே கூப்பிட மாட்டேன்னியே?"

"அது நான் இல்ல. என் வாயி," என்றேன். அந்தப் பக்கம் அவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

"மொதல்ல அடுத்த பாட்டோட தாக்கை எனக்கு அனுப்பு," என்றாள். "என் இஷ்டத்துக்குத்தான் எடுப்பேன், சொல்லிட்டேன்."

"எடு," என்றேன். "நான் கை வைக்க மாட்டேன்."