கடைசிப் பக்கத்தில் தொடங்கும் கதை

பதினொன்றாம் வகுப்பு ஏ பிரிவில் இருக்கிற ஒரு பெண்ணை சி பிரிவுக்கு மாற்றுவது பெரிய வேலை இல்லை. கணினியில் பெயரைப் பிடித்து, இழுத்து, விட வேண்டும். பள்ளி அலுவலகத்தில் அந்த மாதிரி வேலைக்குத்தான் என்னை வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம், எல்லோரும் கிளம்பிய பிறகு, அதைச் செய்தேன்.

நான் இழுத்துவிட்டது என் தங்கையின் வகுப்புத் தோழியை. தடிமனான கண்ணாடி போட்டிருப்பாள். எங்கள் வீட்டில் அவள் பெயரே கண்ணாடிதான்.

தோழி என்று எழுதிவிட்டேன். அதுவும் மழுப்பல். அன்று மதியம் பள்ளி மாடிப்படித் திருப்பத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு மங்கா படித்துக்கொண்டிருந்தார்கள். ஜப்பானியப் படக்கதை. பள்ளிக்கூடத்தில் படிக்கிற இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் காதலிக்கிற கதை. அது எனக்கு முன்பே தெரியும். தங்கையின் தலையணைக்கடியில் பார்த்து, ஒரே மூச்சில் படித்து, இருந்த இடத்திலேயே வைத்திருந்தேன். பிடித்தும் இருந்தது. ஆனால் படியில் பார்த்தது வேறு. கண்ணாடி புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. என் தங்கை படிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை அப்படியே வரைந்து அந்தப் புத்தகத்தில் ஒட்டினால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

எனக்குப் பின்னால் வந்த கணக்கு டீச்சர் சிரித்தார். "என்னம்மா, உன் தங்கச்சிக்கும் அந்தப் பொண்ணுக்கும் நடுவுல காத்துகூட போகாது போலிருக்கே?"

விளையாட்டாகத்தான் சொன்னார். அடுத்து யார் யார் சொல்வார்கள் என்று நான் அப்போதே எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர் அம்மாவை 'ஏய்' என்று கூப்பிட்டதற்குத் தெருவே வேடிக்கை பார்க்கச் சண்டை போட்டவள். 'எப்பம்மா கல்யாணச் சாப்பாடு?' என்று கேட்ட சித்தப்பாவை வாசலோடு திருப்பி அனுப்பியவள். ஊர் வாய்க்குப் பயப்படுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படிப்பட்ட நான், ஊர் வாயைத் திறப்பதற்கு முன்பே ஊருக்கு வேலை பார்த்துக் கொடுத்தேன். கூலிகூடக் கேட்கவில்லை.

எங்கள் பள்ளியில் பிரிவு மாற்றம் வேண்டுமென்றால் வீட்டிலிருந்துதான் கேட்க வேண்டும். அதனால் யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. கண்ணாடி தானே கேட்டு மாறிப் போய்விட்டாள் என்று தங்கை நினைத்தாள். திங்கட்கிழமையிலிருந்து வீட்டில் அவளுக்குச் சுவர்தான் துணை.

எங்கள் வீடு சலவைக்கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறை. அம்மாவுக்குக் கீழேதான் வேலை. முடியாததை மேலே கொண்டுவந்து தேய்ப்பாள். புதன்கிழமை சாயங்காலம் நான் உள்ளே நுழைந்தபோது ஆஸ்பத்திரிக் கோட்டுகள் நாற்காலியில் மலையாகக் கிடந்தன.

"வந்துட்டியா? இவள என்னன்னு கேளு" என்றாள் அம்மா. "வாய்க்குப் பூட்டுப் போட்ட மாதிரி கெடக்கறா. காய்ச்சலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

"பரீட்ச வருதுல்ல" என்றேன். எவ்வளவு சுலபமாக வருகிறது எனக்கு.

"நீயுந்தான் படிச்ச. நீ எங்க படுத்த? எங்க எல்லாரையும்ல படுத்தின!"

தங்கை சிரிக்கவில்லை. அம்மா இஸ்திரிப்பெட்டி சூடேறக் காத்திருந்தாள். கை சும்மா இருக்காது அவளுக்கு. தரையில் கிடந்த அந்தப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. மங்காவை நம் புத்தகங்களுக்கு எதிர்ப்பக்கமாகத் திறக்க வேண்டும். நாம் வழக்கமாகப் பிரிக்கிற பக்கத்தில் 'நில்லுங்கள், இது முடிவு, புத்தகத்தைத் திருப்புங்கள்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அம்மா அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டு உள்ளே போனாள்.

"அட, இதுக்குப் படிப்பே தேவையில்ல போலிருக்கே! இந்தா, மொட்டமாடில ரெண்டும் கையக் கோத்துக்கிட்டு நிக்குதுங்க. என்னா சிரிப்பு!" பக்கம் புரட்டினாள். "ஒரே குடைல போகுதுங்க. நனையறது தெரியல, கழுதைங்களுக்கு." இன்னும் புரட்டினாள். "இங்க ஒருத்தி அழுவுறா. அடுத்தவ தள்ளி நிக்கறா. ஐயய்யோ, இப்ப ஆளுக்கொரு குடை."

நான் தோள்பையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

"கடைசில பாரேன். வகுப்புல ஒண்ணு ஜன்னலப் பாக்குது, ஒண்ணு போர்டப் பாக்குது. யாரோ எவரோன்னு. சண்ட போட்ட மாதிரிகூடத் தெரியலையேடி. எந்தப் பாவி பிரிச்சு வெச்சான் இதுங்கள?"

"தப்பான பக்கத்துலேருந்து பாக்கறம்மா" என்றேன். "நீ இப்ப பாக்கற பக்கந்தான் ஆரம்பம். அவங்க கடைசில சேந்துருவாங்க."

சுவர்ப்பக்கமிருந்து தங்கையின் குரல் வந்தது. "விடுக்கா. அம்மா பாத்ததுதான் சரி. அப்படித்தான் முடியும்."

"நல்லாத்தான் எழுதறானுங்க, காசு குடுத்து அழறதுக்கு" என்று புத்தகத்தைப் போட்டுவிட்டு அம்மா தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்ததை அள்ளிக்கொண்டு அவள் கீழே இறங்கிய பிறகு தங்கையின் பாயருகே போய் உட்கார்ந்தேன்.

"நான் என்ன பண்ணேன்னே தெரியலக்கா" என்றாள், திரும்பாமல். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம மாத்திக்கிட்டுப் போயிட்டா. பாத்தாலும் தலையக் குனிஞ்சுக்கறா."

"அவ மாத்திக்கல. நான்தான் மாத்தினேன்."

எழுந்து உட்கார்ந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"எதுக்கு?"

டீச்சர், அம்மா, ஊர், உன் படிப்பு என்று வரிசையாகக் காரணம் வைத்திருந்தேன். அத்தனையையும் தள்ளிவிட்டுச் சொன்னேன். "பயந்துட்டேன்."

"நீயா?" என்றாள். "நீயா பயந்த?"

திட்டியிருந்தால் தேவலை.

"மன்னிச்சிரு-"

"எங்கிட்ட வேணாம். அவகிட்டப் போய்ச் சொல்லு. உன் வாயால."

மறுநாள் காலை, கண்ணாடியைத் திரும்ப ஏ பிரிவுக்கு மாற்றும் சீட்டோடு தலைமையாசிரியை அறைக்குப் போனேன். அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வீட்லேருந்து கடிதமே இல்லையேம்மா. எப்படி மாறுச்சு? கை தவறி விழுந்துருச்சா?"

கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு 'தப்பிச்சுப் போ' என்று சொன்ன மாதிரி இருந்தது. உண்மையைச் சொன்னால் அந்த இரண்டு பிள்ளைகளையும் இங்கே கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். எனக்கும் வேலை போகும். இதில் எதற்காக அந்தப் பொய்யைச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"ஆமா மேடம்."

"பாத்து செய்யக் கூடாதா? உன்ன நம்பித்தான விட்டிருக்கேன்" என்று சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

சி பிரிவு வாசலுக்குப் போய்க் கண்ணாடியைக் கூப்பிட்டேன். என்னைப் பார்த்ததுமே அவள் கண் கலங்கிவிட்டது.

"அவ எம்மேல கோவமா இருக்காளாக்கா? அவதான் உங்ககிட்டச் சொல்லி என்ன மாத்திட்டாளோன்னு..."

"இல்லம்மா. அவளுக்குத் தெரியவே தெரியாது. நானா மாத்தினேன். உங்க ரெண்டு பேரையும் பாத்துப் பயந்து."

அவள் கண்ணாடியைக் கழற்றிப் பாவாடை நுனியில் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

"உங்ககிட்டதான் முதல்ல சொல்லணும்னு இருந்தோம்க்கா" என்றாள். "உங்களுக்குப் புரியும்னு அவதான் சொன்னா."

பையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். ஏ பிரிவு வாசலோடு நான் நின்றுகொண்டேன். உள்ளே, தங்கை பக்கத்து இடத்தில் வைத்திருந்த தன் பையை எடுத்துக் கீழே வைத்தாள். வாசல் பக்கம் அவள் திரும்பவே இல்லை.