ஈவா என் இடுப்பில் இருந்த நேரம்

ஜப்பானில் நாங்கள் குடியிருக்கும் ஊரில், எதையாவது பார்த்து யாராவது 'கவாயீ' என்று சொன்னால் அது தச்சர் கணக்கில் ஒரு நூல் அளவு சிறிதாகிவிடும். நம் பக்கத்தில் 'அய்யோ, செல்லம்!' என்று கன்னத்தைக் கிள்ளுவோமே, அந்த இடத்தில் அவர்கள் சொல்லும் சொல் அது. சின்னதாக, உருண்டையாக, தனியாக நிற்கத் தெரியாததுபோல் எது இருந்தாலும் சொல்லிவிடுவார்கள். சொல்லச் சொல்ல அது இன்னும் சின்னதாகும். சின்னதானால் இன்னும் சொல்லத் தோன்றும்.

காவல் நிலையம் இப்போது ஒரு தையல் மிஷின் அளவு. காவலர்கள் வாசலில் மண்டியிட்டு, உள்ளே கையை விட்டு வேலை பார்க்கிறார்கள். பேருந்தை ஓட்டுநர் கையில் ஏந்திக்கொண்டு நிறுத்தம் நிறுத்தமாக நடப்பார், பயணிகள் நாங்கள் வரிசையாகப் பின்னால் போவோம். கடல், நகராட்சி அலுவலக வாசலில் ஒரு சிமெண்ட் தொட்டியில் இருந்தது. சுற்றுலா வந்தவர்கள் அலையைப் பார்த்துச் சொல்லிச் சொல்லியே அந்த அளவுக்கு வந்துவிட்டது. என் கணவர் டெரன்ஸ் கப்பல் கட்டும் அலுவலகத்தில் பொறியாளர். கட்டிய கப்பலைச் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து பெயிண்ட் அடிப்பார்.

நான் தூத்துக்குடிக்காரி. அந்தத் தொட்டியைக் கடக்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

மற்றதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது எங்கள் மகள் ஈவா விஷயம். பிறந்தபோது கைகொள்ளாத பிள்ளை. தவழும் வயதில் சூப் கிண்ணத்தில் படுத்துத் தூங்கினாள்.

ஊரில் பேருந்து நெரிசலில் பார்த்த அம்மாக்கள் அடிக்கடி நினைவுக்கு வந்தார்கள். 'இடுப்பு ஒடியுது' என்று சொல்லிக்கொண்டே பிள்ளையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றுவார்கள். எனக்கும் இடுப்பு ஒடிய வேண்டும் போலிருந்தது. கடையில் அரிசிப் பை வாங்கினால் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவேன். வழியில் மாற்றி மாற்றி வைப்பேன். நடுநடுவே தட்டியும் கொடுப்பேன்.

எதிர் வீட்டு அயாகா-சானின் மகன் அவளுடைய கோட்டுப் பையில் வளர்கிறான்.

"சௌகரியம்தானே, ஜெசி-சான்?" என்பாள். "தள்ளுவண்டி வேண்டாம், ஷூ வாங்க வேண்டாம். இவன் சட்டையில் ஒரு ஊசி குத்தி வைத்திருக்கிறேன். காணாமல் போனால் காந்தத்தை வைத்துத் தேடிக்கொள்ளலாம்."

'பயமாக இருக்கிறது' என்பதற்கு அங்கே 'கொவாய்' என்று ஒரு சொல் உண்டு. காதுக்கு இரண்டு சொல்லும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி. கான்வென்ட்டில் இங்கிலீஷ் உச்சரிப்புக்காகக் கண்ணாடியில் உதட்டைப் பார்த்துப் பழகியிருக்கிறேன், இதற்கு என்னை யாரும் பழக்கவில்லை. தடுப்பூசிக்குப் போன இடத்தில், செவிலியரிடம் ஈவாவைக் காட்டிப் பயமாக இருக்கிறது என்று சொல்லப்போய் நாக்கு வழுக்கிவிட்டது. என் வாயால், என் கையிலேயே, அவள் ஒரு நூல் இறங்கினாள்.

"ஆமாம், ரொம்ப கவாயீ" என்றார் செவிலியர். இன்னொரு நூல்.

மறுநாள் மை எடுத்து ஈவாவின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்து அழைத்துப்போனேன். பொட்டைப் பார்த்து ரயில் பெட்டி முழுவதும் சொன்னது. பொட்டு மட்டும் சிறிதாகவில்லை. வீடு திரும்பியபோது அது அவள் முகம் முழுக்க இருந்தது.

அன்றைக்கு பிலோமினா மைனி வீடியோவில் கூப்பிட்டார். டெரன்ஸின் அக்கா. தூத்துக்குடியில் மீன் ஏலம் கூறுகிறவர். மெதுவாகப் பேசினாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

"ஏட்டி ஜெசிந்தா, பிள்ளைய எங்க?"

"இந்தா, கிண்ணத்துல இருக்கா மைனி."

"கிண்ணத்துலயா? ரசமாட்டி அவ?" மைனி போனை மூக்குவரைக்கும் கொண்டுபோனார். "ஏ மூதி! அத்தையப் பாத்து என்ன சிரிப்பு வேண்டிக்கெடக்கு? பல்லப் பாரு, நெத்திலிப் பொடி மாதிரி. சவமே, ஒழுங்காத் தின்னா என்ன கேடு ஒனக்கு?"

கிண்ணம் கவிழ்ந்தது. ஈவா ஒரு விரற்கடை நீண்டிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் பிள்ளையை மூதி என்பதும் சவம் என்பதும் கொஞ்சுவதுதான். அது பிள்ளைக்கும் தெரியும்.

ஆனால் மைனியால் எப்போதும் போனில் இருக்க முடியாது. படகு வந்துவிட்டது என்று பின்னால் யாரோ கூப்பிட்டார்கள்.

"நீயே ஏசுட்டி, பெத்தவதான?"

எங்கள் பள்ளியில் ஏசு என்றால் ஒரே அர்த்தம்தான். திட்டுவது என்ற அர்த்தத்தில் அங்கே யாரும் சொன்னதில்லை. சுத்தமான நாக்குக்காக எனக்கு நீல ரிப்பன் கட்டிய பதக்கம்கூடக் கொடுத்திருக்கிறார்கள்.

ஈவாவை நேராகப் பார்த்து, "தயவுசெஞ்சு, கழுதை" என்றேன்.

"என்னது, தயவுசெஞ்சா?" மைனி சிரித்த சிரிப்பில் திரை ஆடியது. "கழுதைக்கு விண்ணப்பமாட்டி போடுத?"

"அன்பான கழுதை" என்று திருத்தினேன்.

ஈவா அரை நூல் குறைந்தாள். மைனி தலையில் அடித்துக்கொண்டு ஏலத்துக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை டெரன்ஸும் நானும் நகராட்சி அலுவலகம் வழியாக வந்தோம். ஈவா என் உள்ளங்கையில் இருந்தாள். தொட்டியைச் சுற்றி மஞ்சள் தொப்பி போட்ட பள்ளிப் பிள்ளைகள் கடல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எல்லாரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். ஒரே குரலில் சொன்னார்கள்.

கையில் ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். புளியங்கொட்டை அளவுக்கு இருந்தாள். காற்று ஒரு தரம் வீசியது. ஈவா கடலில் விழுந்தாள்.

அலை என் கட்டைவிரல் உயரம்தான். அவளுக்கு அது போதும். டெரன்ஸ் பையிலிருந்த கப்பலை எடுத்து மிதக்கவிட்டார். அது போய்ச் சேர நேரமாகும் போலிருந்தது. கொவாய் என்று கத்தப்போனேன். நாக்கு இன்னொரு தரம் வழுக்கினால் அவளைக் கண்ணால் பார்க்க முடியாது. வாயை மூடினேன். திறந்தபோது வேறு வந்தது.

"ஏ மூதி! ஏ செத்த மூதி! அங்க என்னட்டி ஒனக்கு வேல? தண்ணியக் கண்டா எறங்கிருவியா நீ? எரும! பன்னி! கூறுகெட்ட சவமே, ஏறி வாட்டி மேல!"

ஒரு கரண்டி அளவுக்குத் தலை தெரிந்தது. கையை விட்டுத் தூக்கினேன். தூக்கத் தூக்க அவள் பொம்மை அளவானாள், பூனை அளவானாள்.

நடுவில் ஒரு நேரம் வந்தது. அவள் சரியாக என் இடுப்பில் உட்காரும் அளவில் இருந்தாள். ஈரத் துணியோடு, காலை முன்னும் பின்னும் போட்டு, என் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முழுக் கனம். இடுப்பு ஒடிந்தது. வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் மாற்றினேன்.

ஆனால் வாய் நிற்கவில்லை. பதக்கம் வாங்கிய நாளிலிருந்து உள்ளே கிடந்ததெல்லாம் வந்துகொண்டிருந்தது. நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. அவள் கால் தரையைத் தொட்டது. பிறகு அவள் தோள் என் தோளைத் தாண்டியது.

பக்கத்திலிருந்த கடலும் அதைத் தன்னைச் சொல்வதாக எடுத்துக்கொண்டது. தொட்டி விரிசல் விட்டது. மாலைக்குள் கடல் பழைய கரைக்குப் போய், அதையும் தாண்டி எங்கள் தெருமுனைவரை வந்துவிட்டது. அயாகா-சான் செருப்புகளை மாடிக்கு எடுத்துப்போனாள்.

ஈவா இப்போது கடலில்தான் இருக்கிறாள். வேறெங்கும் இடம் போதாது. இடுப்பளவு தண்ணீர் அவளுக்கு. டெரன்ஸின் கப்பல்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போகின்றன. சாயங்காலம் குனிந்து எங்கள் ஜன்னலில் கன்னத்தை வைப்பாள். நான் வைத்த பொட்டு அந்தக் கன்னத்தில் எங்கே இருக்கிறது என்று எனக்கு மட்டும் தெரியும். இதை எழுதும்போது அவள் தூங்குகிறாள். அவள் மூச்சு விடுகிறபோதெல்லாம் தெருவில் உள்ள எல்லா வீட்டுத் திரைச்சீலையும் உள்ளே போய் வெளியே வருகிறது. ஒரு தரம் வராவிட்டாலும் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

ஊரில் யாரும் அவளைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. குனிந்து வணக்கம் வைத்துவிட்டுப் போகிறார்கள். நான் சொல்லலாம். ஒரு தரத்துக்கு ஒரு நூல். பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தால் ஒருநாள் இடுப்புக்கு வந்துவிடுவாள். அவள் சிரிக்கும்போது அந்தச் சொல் என் பல்லுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. விழுங்கிவிட்டு அரிசிப் பையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொள்கிறேன்.

நேற்று மைனி கூப்பிட்டார். தூத்துக்குடிக் கரையில் நின்று பார்த்தால், கிழக்கே ஈவாவின் உச்சந்தலை தெரிகிறதாம்.

"ஏட்டி ஜெசிந்தா, பிள்ளத் தல பறட்டையாக் கெடக்கு. எண்ண தேய்க்க மாட்டியா? கூறுகெட்ட மூதி!"

என்னைத்தான் சொன்னார். என் சட்டைக் கை மணிக்கட்டுக்கு மேலே ஏறியிருந்தது. எண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்க் கையை நீட்டிப் பார்த்தேன். எட்டவில்லை.

"இன்னும் ஏசுங்க மைனி" என்றேன்.