பத்துக்குக் கீழே

எங்கள் மருத்துவமனையில் தொண்டைப் புற்றுநோய் வந்த ஒவ்வொருவருக்கும் கதிர்வீச்சுக்கு இரண்டு திட்டம் போடுவோம். பழைய எக்ஸ்-ரே மெஷினுக்கு ஒன்று, புதிய புரோட்டான் மெஷினுக்கு ஒன்று. புற்றை இரண்டுமே சுடும். சுற்றியிருப்பதை எவ்வளவு சுடும் என்பதில்தான் வேறுபாடு. வாய் நிரந்தரமாக உலர்ந்துபோகும் வாய்ப்பு எதில் எவ்வளவு என்று கணினி சொல்லும். வித்தியாசம் நூற்றுக்குப் பத்தைத் தொட்டால் புதியது. தொடாவிட்டால் பழையது.

திட்டம் போடுவது என் வேலை. அந்த மார்ச் மாதம் என் மேசைக்கு வந்தது யெல்லே மாமாவின் ஸ்கேன் படம். தேவாலயத்தில் எங்களுக்கு முன் பெஞ்சில் உட்காருபவர். அவர் மனைவி ஆல்ச்சேவுக்குப் பார்வை போய் ஆறு வருடம். மாலைச் சாப்பாடு முடிந்ததும், தட்டுகளைத் தள்ளிவைத்துவிட்டு அவளுக்கு பைபிளில் ஓர் அதிகாரம் சத்தமாக வாசிப்பார். கதிர் பாயும்போது தலை அசையாமல் பிடிக்கும் முகமூடிக்கு அளவெடுத்த அன்று அவர் கேட்டது ஒன்றுதான்.

"வாய் காஞ்சு போனா வாசிக்க முடியுமாம்மா?"

"எதுல கம்மியா காயுமோ அதுல போடப் பார்ப்போம் மாமா."

புரோட்டான் திட்டத்தை இரண்டு நாள் இழைத்தேன். பழைய மெஷினுக்கானதை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டேன். வித்தியாசம் பதினொன்று.

பக்கத்து மேசை ஹார்மன் எட்டிப் பார்த்தான். "பதினொண்ணா! அப்புறம் என்ன ரிக்ஸ்ட், அனுப்பிடு."

"பழசை இன்னும் ஒழுங்கா போடலை."

"போடாதே. நீ அதை நல்லா போடப் போட அவருக்குப் புதுசு கை நழுவும். புனிதவதியாகணும்னா ஞாயித்துக்கிழமை ஆகிக்கோ."

"புதுசுல இந்த மாசம் எத்தனை இடம் பாக்கி?"

"ஒண்ணு."

"அடுத்து வர்றவருக்கும் ஒரு வாய் இருக்கும்ல?"

அவன் எழுந்து போய் ஒரு காபி கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தான்.

கண்ணை மூடி ஜெபித்தேன். என்ன கேட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. எவ்வளவு உழைத்தாலும் அந்த எண் அசையக் கூடாது என்று கேட்டேன். பிறகு பழைய மெஷினின் திட்டத்தில் கதிரின் கோணங்களைத் திருப்பி, உமிழ்நீர்ச் சுரப்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கிக் காப்பாற்றினேன். வித்தியாசம் பத்தரைக்கு இறங்கியது. மதியம் மூன்று மணிக்கு ஒன்பது ஆகிவிட்டது.

பழைய மெஷின்தான் என்று யெல்லே மாமாவிடம் நானே போய்ச் சொன்னேன்.

"உன்னால முடிஞ்சதெல்லாம் பண்ணியா?" என்றார்.

"பண்ணேன் மாமா. அதனாலதான் கிடைக்கலை." பதினொன்றையும் மறைக்காமல் சொன்னேன்.

வெகுநேரம் ஜாக்கெட்டின் ஜிப்பையே பிடித்துக்கொண்டிருந்தார். "ஆல்ச்சேகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

சிகிச்சையின் ஐந்தாவது வாரம் அவருடைய தொண்டை புண்ணாகிக் குரல் போய்விட்டது. மூக்கு வழியாகக் குழாயில்தான் சாப்பாடு. அந்தச் செவ்வாய் வேலை முடிந்து சைக்கிளில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஆல்ச்சேதான் கதவைத் திறந்தாள்.

"யாரு?"

"ரிக்ஸ்ட்."

"முதல்ல பதினொண்ணு இருந்துச்சாமே."

"இருந்துச்சு அத்தை."

மழை பெய்துகொண்டிருந்தது. அவள் கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

"சைக்கிளை நனைய விடாதே. உள்ளே கொண்டா."

மேசையில் ஒரு தட்டுதான் இருந்தது. யெல்லே மாமா பைபிளை என் பக்கம் தள்ளி, வாசிக்க வேண்டிய வரியில் விரலை வைத்தார். குரல் திரும்புமா என்று அவர் கேட்கவில்லை, எனக்கும் தெரியாது. நான் வாசித்தேன். சத்தமில்லாமல் உதட்டை அசைத்தபடி, இரண்டு வரிக்கு ஒருமுறை தண்ணீரால் வாயை நனைத்துக்கொண்டார்.

பாதியில் ஒரே வரியை இரண்டு முறை வாசித்தேன். அதற்கு மேல் ஓடவில்லை.

அவர் தன் தண்ணீர்க் குவளையை என் பக்கம் நகர்த்தினார்.