தவறுதலாகக் கொடுத்த கடற்கரை

அந்தக் குப்பத்துக்கு ஒரு கடற்கரையை நான் தவறுதலாகக் கொடுத்துவிட்டேன். கம்ப்யூட்டரில்தான். ஆனாலும் கைதட்டினார்கள். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல் என்பதால் கும்பிடு வேறு போட்டேன்.

நாவலூரில் ஏசி அறையில் உட்கார்ந்து கடல் ஓட்டுவது என் வேலை. நிஜக் கடலின் ஆழம், அலை, காற்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள் ஊற்றி, அதில் தூண்டில் வளைவு கட்டிப் பார்ப்போம். கடலுக்குள் நீளும் கருங்கல் சுவர் அது; ஒரு பக்கம் மணலைச் சேர்க்கும், மறுபக்கம் அரிக்கும். எந்தப் பக்கம் எது என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே இருக்கும் அந்தக் குப்பத்தின் தென்கோடியில் ஒரு வளைவு கட்ட அரசு யோசித்தது. கட்டினால் அங்கே மணல் பெருகும் என்றது குப்பத்தாருக்கு நான் போட்டுக் காட்டிய படம். மீன் காயவைக்கும் அன்பரசியக்கா வராத மணலில் இடமே பிடித்துவிட்டார். “அந்த மூலை நம்மளுது. எவளும் வரக்கூடாது, சொல்லிட்டேன்.” எனக்கு ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடும் கொடுத்தார்.

மறுநாள் ஆபீஸில் பக்கத்து சீட் மானசா மூக்கைப் பிடித்தபடி என் திரையைப் பார்த்தாள்.

“ஜெரோம், சித்திரை மாசத்துல உன் கடல்ல மட்டும் ஏன்டா மணல் தெற்கே போகுது?”

காற்றுக்கு, அது வரும் திசையைக் குறிப்பார்கள். நீரோட்டத்துக்கு, போகும் திசையை. நான் இரண்டையும் போகும் திசையாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். என் தென்றல் வடக்கிலிருந்து வீசி, மணலைத் தெற்கே தள்ளியிருக்கிறது. திருத்தி ஓட்டினேன். போன வருடக் கரையோடு அச்சாகப் பொருந்தியது. ஆனால் வளைவைக் கட்டியதும் மணல் தென்புறமே நின்றுகொண்டது. வடபுறம் குப்பத்து வலைக்கூடத்துக்குள் அலை புகுந்தது.

மேலாளர் ராமானுஜம் சாரிடம் ஓடினேன். “மாடல் முடிவெடுக்காதுப்பா. எடுக்கறவங்களுக்கு உதவும்” என்றார். முடிவெடுக்கவேண்டிய அரசுப் பொறியாளர் பெருந்தேவி மேடத்துக்குப் போன் போட்டேன். “பார்க்கலாம். மேல பேசணும். நீங்க குப்பத்துக்கு நேர்ல வந்து சொல்லுங்க.”

திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கருவாட்டுப் பொட்டலத்தோடு ஈசிஆர் பஸ்ஸில் போனேன். என்னைச் சுற்றி இருக்கைகள் தாராளமாகக் காலியாக இருந்தன.

பெருந்தேவி மேடமும் குப்பத்தாரும் பார்க்க, புதுப் படத்தைப் போட்டுக் காட்டினேன்.

“இன்னா நைனா, போன வாரம் குட்த்துட்டு இந்த வாரம் புடுங்கினு போற?” என்றார் அன்பரசியக்கா.

“காத்தைத் தப்பா போட்டுட்டேங்க்கா.”

“காத்த நீ வேற போடணுமா? அது பாட்டுக்கு அட்ச்சுகினு கீது!”

எல்லோரும் சிரித்தார்கள். பெருந்தேவி மேடம் மட்டும் சிரிக்கவில்லை. “இப்ப சொல்றதாவது சரியா?”

“சில அனுமானங்களுக்கு உட்பட்டு, ஏறத்தாழ…”

“தோ பாரு, மணலு நிக்குமா போவுமா?” அன்பரசியக்கா இடுப்பில் கைவைத்து நின்றார். அவருக்குப் பின்னால் மணலில் படகுகள் வரிசையாக நின்றன.

“போயிடும்க்கா. வளைவு வந்தா வலைக்கூடமும் போயிடும்.”

என் வேலையில் நான் சொன்ன முதல் நேர் பதில். அக்கா கருவாட்டைப் பார்த்தார். “அத்த இன்னாத்துக்கு எட்த்துகினு வந்த? வூட்டுக்கு எட்த்துனு போ.”

தைரியம் வந்தது. “அப்போ கட்டுவீங்களா மேடம்?”

மேடம் வலைக்கூடத்தைப் பார்த்தார், என் திரையைப் பார்த்தார். ‘பார்க்கலாம்’ வரப்போகிறது என்று லேப்டாப்பை மூடினேன்.

“இங்க கட்டமாட்டேன், ஜெரோம்.”