ஈரச் சுண்ணாம்பில் அலுமினியக் குழாய்

அலுமினியக் குழாய்க் கட்டு வந்த அன்று ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன். பாரமே இல்லை. போன மழையில் ஏணியிலிருந்து விழுந்ததிலிருந்து என் வலது தோள் இரும்பைத் தாங்குவதில்லை. வயர்மேன் தெய்வசிகாமணிக்குத் தெரியாமல் இடது தோளிலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன். தெரிந்தால் வேறு ஆள் வந்துவிடுவான்.

கடற்கரை ஓரம் பழைய மாடி வீடு. பிரெஞ்சுக்காரர் காலத்து ஈயம் பூசிய குழாய்களைப் பிடுங்கிவிட்டுப் புதுக் குழாய் பதித்து, மேலே சுண்ணாம்பு பூசி, உள்ளே கரண்டுக் கம்பி இழுக்க வேண்டும். உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடிக்கும், அலுமினியமே போடலாம் என்றார் வீட்டுக்காரர். எனக்கு அது சாமி வாக்கு. தெய்வசிகாமணிக்குத்தான் சந்தேகம்.

"அலுமினியக் குண்டான்ல சுண்ணாம்பு கரைச்சா, பொத்தலாயிடும்னு எம் பொண்டாட்டி அடிக்க வருவா. ஒரு துண்டு பொதச்சுப் பாக்கலாம்டா பாவாடை," என்றார் என்னிடம்.

மாடி அறைச் சுவரில் ஒரு துண்டைப் பதித்துப் பூசினோம். மற்றக் குழாய்களை நான் மேலே ஏற்றினேன்.

"இன்னாடா, மாப்பிள்ளை மாதிரி நடக்கிற? தோள்ல இருக்கறது குழாயா, கரும்பா?" என்றான் கூட வேலை செய்யும் காத்தவராயன்.

"கரும்புதான். கடிக்கிறியா?"

சில நாள் கழித்து, தோண்டிப் பார்த்து வரும்படி தெய்வசிகாமணி என்னை அனுப்பினார். பூச்சு இன்னும் ஈரம். துண்டின் மேல் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. துடைத்தேன், பளபளத்தது. விரலால் தடவினால்தான் குழிகள் தெரிந்தன, அம்மைத் தழும்பு போல. தடவாதவருக்கு அது புதுக் குழாய்தான்.

கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நல்லாயிருக்கு என்று சொன்னால் என் தோள் பிழைக்கும். குழாயைச் சுண்ணாம்பு மெல்லத் தின்னும். ஒரு மழைக்காலத்தில் சுவர் ஊறி, கம்பியும் நனைந்திருக்கும்போது யாராவது ஈரக்கையோடு சாய்வார்கள். அது யார் என்று எனக்குத் தெரியப் போவதில்லை. தெரியாது என்பதற்காகப் பயம் குறைந்துவிடவில்லை.

கீழே இறங்கி, தெய்வசிகாமணியின் விரலைப் பிடித்துக் குழியின் மேல் வைத்தேன்.

"இரும்புதான் போடணும்," என்றார். "துத்தநாகம் பூசினதா வரட்டும். துருவுக்கும் தாங்கும்."

அது வந்தது. ஒரு குழாயை இடது தோளில் வைத்துப் படியேறினேன். மாடிப்படித் திருப்பத்தில் பாரம் வலப்பக்கம் சாய்ந்தது. கை விட்டுவிட்டது. குழாய் படிப்படியாக உருண்டு கீழே போனது.

"தோளா?" என்றார் தெய்வசிகாமணி.

"ம்."

"எப்பலேருந்து?"

"மழையிலேருந்து."

அவர் உருண்ட குழாயைக் காலால் நிறுத்தினார். "நாளைக்கு அரியாங்குப்பத்துலேருந்து வேற ஆள வரச் சொல்றேன் பாவாடை."

"சரி."

காத்தவராயன் குழாயின் ஒரு முனையைத் தூக்கினான். "வாடா. இத ஏத்திட்டுப் போ."

ஏற்றினோம். அவன் சுவரில் பதித்தான். நான் இடது கையாலேயே சுண்ணாம்பை அப்பி மூடினேன்.